நொதுமல் நிறம்

திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திற்கு முன்னுரை கூறப் புகுந்த பரிமேலழகர், மாந்தரைப் பகை என்றும் நட்பு என்றும் இரு கூறாக்கி அமையாமல், இடையே நொதுமல் என மூன்றாவது கூறு ஒன்றனையும் வைத்தனர். நம்பால் விருப்பும் வெறுப்பும் இன்றி நிற்கும் அயலாரே நொதுமலர். அகப்பொருள் நூல்களிலும் இவர் வருவர். ஆயினும் ஆங்கு அவர் வரவு அத்துணை அமைதியுடையதாய்த் தோன்றவில்லை. தலைவியின் நெஞ்சம் எவர்பால் சென்றுளது என்று அறியாது, அவளை மணம் பேச வரும் அயலாரின் செயலை 'நொதுமலர் வரைவு' என்பர். அது கேட்டுத் தலைவி கலங்குகிறாள். தோழி வழி தேடுகிறாள். விருப்பு வெறுப்பு அற்றவர் ஆதலின் தீங்கும் அற்றவர் என்று கொள்ளுதல் பொருந்தாது போலும்!

வகுப்பறையிற் கற்ற இச்சொல், 2024-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில், பாளையங்கோட்டையில் ஒரு வண்ணக் கடையில் நின்றபொழுது என் நினைவிற்கு வந்தது. கடைக்கார அண்ணாச்சி விசிறிபோல் விரியும் நிறச்சீட்டுக் கட்டொன்றை என் கையிற் கொடுத்தார். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நிறக் குடும்பங்கள் ஒவ்வொன்றாய் முடிந்தபின், இறுதியில் 'நியூட்ரல்' என்னும் தலைப்பின்கீழ் வெண்மையும் சாம்பலும் பழுப்பும் சார்ந்த மங்கல் நிறங்கள் அணிவகுத்து நின்றன. "இவை எதனோடும் ஒத்துப்போகும், தம்பி, யார் கண்ணையும் உறுத்தா" என்றார் அண்ணாச்சி. நொதுமல் நிறங்கள் என்று யான் மனத்துள் மொழிபெயர்த்துக் கொண்டேன். தோழியின் கலக்கம் அப்பொழுது நினைவிற்கு வரவில்லை.

கறுப்பு, சிவப்பு என்னும் உரிச்சொற்கள் வெகுளியைக் குறிப்பன என்றும், அவை நிறத்தையும் உணர்த்தும் என்றும் தொல்காப்பியர் உரியியலிற் கூறியுள்ளார். சினத்தை முன்னும் நிறத்தைப் பின்னும் வைத்த அம்முறை என்னைப் பெரிதும் கவர்ந்ததுண்டு. சினங் கொள்ளும் நிறங்களை உறங்கும் அறையின் சுவரில் ஏற்றலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? சினங் கொள்ளா நிறங்களுக்கும் நம் மொழியிற் பெயர்ப் பஞ்சம் இல்லை. நரை என்பது முதுமைக்கு மட்டும் உரிய சொல்லன்று; வெண்மை சார்ந்த ஒரு நிறத்தின் பெயர். குரால் என்பது மங்கிய பழுப்பு. அந்நிறமுடைய பசுவிற்கும் கோட்டானுக்கும் அதுவே பெயராயிற்று. புகர் என்றொரு சொல்லும் உண்டு. மாநிறம் என்று பெண் பார்க்கச் செல்வோர் கூறும் ஒரு சொல்லில் எத்துணை நிறங்கள் அடங்கும் என்பதை அவர்களும் அறியார்.

சொல்லாராய்ச்சி நிற்க. யான் கடைக்குச் சென்றதற்குக் காரணம் என் ஆச்சி. திருச்செந்தூர்க்கு மேற்கே, செம்மணல் தேரியின் விளிம்பில் உள்ள சிற்றூரில், பனைகளுக்கிடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தவர் அவர். 2022-ஆம் ஆண்டில் தாத்தா காலமான பின்னரும், "இந்த வீட்டை விட்டு எங்கே வருவேன்?" என்று கூறித் தனித்தே இருந்தார். இரு கண்களிலும் புரை முற்றி, கிணற்றடியில் ஒருநாள் தடுக்கி விழுந்தபின்னரே எங்கள் சொல்லுக்குச் செவி சாய்த்தார். 2024 ஆடியில் வலக்கண்ணின் புரையை நீக்கினர். இடக்கண்ணிற்குச் சில திங்கள் தவணை கூறினர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் மேற்கு அறை அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "கிறிஸ்துமஸ் வரை இருந்து பார்க்கிறேன். எனக்கு ஒட்டவில்லை என்றால் ஊரிலே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்." அப்பா ஒப்புக்கொண்டார், அவர் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

சுவருக்கு நிறம் தேரும் சிறு வேலை எங்கள் இல்லத்தில் பெருவழக்காய் வளர்ந்ததற்கு இதுவே காரணம். ஓர் அறை ஒருவருக்கு ஒட்டுவதும் ஒட்டாமற் போவதும் சுவரின் நிறத்தாலா அமையும் என்று வினவலாம். தாத்தாவை மீட்க எங்களால் இயலாது. தேரியையும் பனையையும் பெயர்த்துக் கொணரவும் இயலாது. சுவரை மாற்றுதல் இயலும். இயன்றதைச் செய்வோர் அதனையே பெரிதாய்க் கொள்ளுதல் இயல்பன்றோ?

அவ்வறை பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் உடையது. மேற்கே ஒரு சாளரம். சாளரத்திற்கு வெளியே ஒரு வேம்பு. தரை, பழைய காவிச் சிமெண்டுத் தரை. பல்லாண்டு பாதம் பட்டு மெருகேறியது. சுவர்களில் என் தமக்கையாரின் பள்ளிப் பருவத்து இளஞ்சிவப்பு இன்னும் இருந்தது. தென்சுவரின் அடியில் ஓதம் ஏறி, வண்ணம் பொரிந்து உதிர்ந்து கொண்டிருந்தது. தலைவியின் மேனியிற் படரும் பசலை நூல்களில் அழகுடையது. சுவரிற் படரும் பசலையைப் பாடியவர் எவரும் இலர்.

அம்மா வெள்ளை என்றார். வெள்ளையைத் தவிர வேறு எதனை ஆச்சி அறிவார் என்பது அவர் வாதம். அது மெய்யே. ஆச்சியின் ஊர் வீட்டில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முன் வெள்ளையடிப்பர். கிளிஞ்சலைச் சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியிற் கரைத்து, வடிகட்டி, கஞ்சி சேர்த்து, நார் மட்டையாற் பூசுவர். பூசும்பொழுது அது ஏறக்குறைய நீர்போல் ஊடு தெரியும். "சுவரில் பிடிக்கவே இல்லை" என்று சிறுவராகிய நாங்கள் கவலையுறுவோம். உலர உலர அது வெளுக்கும். மறுநாட் காலையிற் சுவர் பாலிற் குளித்து நிற்கும். சூளையிற் கரியமில வாயுவை இழந்த சுண்ணம், சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள அவ்வாயுவையே மீண்டும் பற்றி மெல்ல மெல்லக் கல்லாகும் விந்தையைப் பின்னர்ப் பள்ளியிற் கற்றேன்.

அவ்வெள்ளையில் ஒரு சிட்டிகை நீலமும் சேர்ப்பதுண்டு. மஞ்சள் மஞ்சளாய்த் தோன்றும் சுண்ணத்தில் நீலம் கலந்தால், மஞ்சள் அடங்கி வெண்மை மிக்கதுபோற் கண் மயங்கும். உண்மையில் அச்சுவர் திருப்பும் ஒளி முன்னையினும் சிறிது குறைவே! லாப்பிஸ் லாசுலி என்னும் கல்லை அரைத்து எடுத்த அரிய நீலத்திற்கு ஈடாக ஒன்றைச் செயற்கையாய்ச் செய்யும் வழியைப் பிரான்சு நாட்டிற் கண்டிராவிடின், தேரிக்காட்டு ஏழையின் சுவர்க்கு நீலம் எட்டியிராது.

ஆயின் அம்மா கருதிய வெள்ளையும் கடையில் உள்ள வெள்ளையும் ஒன்றல்ல. இன்றைய வெள்ளைக்கு உயிர் டைட்டானியம் டையாக்சைடு என்னும் தூள். சுண்ணத்தினும் பன்மடங்கு வலிமையாய் ஒளியைச் சிதறடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இரண்டே பூச்சில் எந்தச் சுவரையும் மறைத்துவிடும். சுண்ணச் சுவரில் மட்டையின் தடமும், சென்ற ஆண்டின் சொரசொரப்பும், மூலையிற் சிறு நிழலும் உண்டு. பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மேல் ஏற்றிய புதுவெள்ளையில் இவை ஒன்றும் இல்லை. பலகைத் துண்டொன்றில் அதனைப் பூசி ஆச்சியிடம் காட்டினோம். சிறிது நேரம் பார்த்திருந்து, "ஆஸ்பத்திரி போல இருக்கிறது" என்றார். தாத்தாவின் இறுதிப் பதினொரு நாட்கள் எங்குக் கழிந்தன என்பதை நாங்கள் மறந்திருந்தோம் அல்லோம். ஆனால் சுவரோடு அதனைச் சேர்த்து எண்ணினோம் அல்லோம்.

அம்மா விடவில்லை. "வெள்ளை என்றால் துப்புரவாக இருக்கும், மாமி" என்றார். ஆச்சி தம் வெண்புடவை முந்தானையை எடுத்து அப்பலகையின்மேல் வைத்தார். "நானே வெள்ளை. தலையும் வெள்ளை. சுவரும் வெள்ளையானால் என்னை எங்கே தேடுவீர்கள்?" என்று சொல்லிச் சிரித்தார். எவரும் உடன் சிரித்திலர். வெள்ளை அன்றோடு ஒழிந்தது.

அடுத்து வந்தது சாம்பல். கட்டடக்கலை பயிலும் என் தமக்கையார்க்கு இந்நாளில் இதன்மேற் பற்று மிகுதி. கறுப்பிற்கும் வெள்ளைக்கும் இடையே நிற்பதாகலின் சாம்பலே உண்மையான நடுநிலை நிறம் என்றார். அந்நடு எங்கே உளது என்று தேடியபொழுது வியப்பான ஒரு செய்தி கிடைத்தது. தன்மேல் விழும் ஒளியிற் செம்பாதியைத் திருப்பும் சாம்பலே நடு என்று கணக்கறிந்தோர் கூறுவர். கண் அதனை ஏற்பதில்லை. நூற்றில் 18 பங்கு ஒளியை மட்டும் திருப்பும் சாம்பலே நம் கண்ணுக்கு நட்டநடுவாய்த் தோன்றுகிறது. ஒளிப்படக் கலைஞர் அளவுக்கென வைத்துக்கொள்ளும் சாம்பல் அட்டையின் அளவும் இதுவே. நடுவு நிலைமை கண்ணிடத்தும் எளிதன்று.

மெல்லிய சாம்பல் ஒன்றனைத் தேர்ந்து, மூன்றடி ஒட்டுப்பலகையில் இருமுறை பூசி, மேற்கு அறையில் நிறுத்தினோம். கடையிற் புறாவின் கழுத்துப்போல் தோன்றிய அந்நிறம், எங்கள் அறையிற் பாசி படர்ந்ததுபோல் தோன்றியது. அண்ணாச்சி வேறு நிறம் கலந்துவிட்டார் என்று தமக்கையார் சினந்தார். பலகையை முற்றத்திற்கு எடுத்துச் சென்றால் மீண்டும் புறாவின் கழுத்து!

இவ்விந்தைக்கு விடை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிடைத்துளது. பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச்சாலையிற் சாயப் பகுதியின் தலைவராய் அமர்ந்த செவ்ரோல் என்னும் வேதியியல் அறிஞரிடம், திரைச்சீலைகளில் வரும் கறுப்பு நூல் போதிய கருமை உடையதன்று என்று முறையிட்டனர். அவர் ஆராய்ந்து, குற்றம் சாயத்தில் இல்லை, கறுப்பை அடுத்து நெய்த நீலத்திலும் ஊதாவிலும் உளது என்று கண்டார். ஒரு நிறம் தன்னை அடுத்துள்ள நிறத்தின்மேல் தனக்கு எதிரான சாயலை ஏற்றிக் காட்டும் என்னும் விதியை விரித்து 1839-இல் ஒரு பெருநூலும் வெளியிட்டார். எங்கள் காவித் தரை தன் சிவப்பிற்கு எதிரான பசுமைச் சாயலைச் சாம்பலின்மேல் ஏற்றியது. போதாக்குறைக்கு வேம்பின் இலைகளினூடு வந்த ஒளியும் பச்சை. தனக்கென ஒரு வண்ணம் இல்லாத நிறமே அயலாரின் வண்ணத்திற்கு எளிதில் ஆட்படுகிறது. நொதுமலரைக் கண்டு தோழி ஏன் நடுங்கினாள் என்பது எனக்கு அப்பொழுதுதான் சிறிது விளங்கிற்று.

தமக்கையாரிடம் மேனாட்டு நூலொன்று இருந்தது. வடக்கு நோக்கிய அறைக்கு வெயில் வாராது, ஆதலின் அங்கு வெம்மை சார்ந்த நிறமே பூசவேண்டும் என்று அது விதிக்கிறது. இலண்டனுக்கு அது பொருந்தும். பாளையங்கோட்டையோ நிலநடுக் கோட்டிற்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது. சித்திரை பிறந்தது முதல் ஆவணி நடுவரை நண்பகற் கதிரவன் நமக்கு வடபுறத்தே நிற்கிறான். வடக்குச் சாளரத்திலும் வெயில் விழுகிறது. அந்நூலைப் பின்பற்றி நம் ஊரில் நிறம் தேர்வோர், வேற்றூர்ப் பஞ்சாங்கத்தை வைத்து நாள் பார்ப்போரை ஒப்பர். நாங்கள் செய்தது வேறு. காலை, நண்பகல், மாலை, இரவு என நான்கு வேளையும் பலகையைச் சுவர்தோறும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தோம். மாலை ஐந்து மணிக்கு மேல் சாளரத்தில் நுழையும் செங்கதிர் எல்லா நிறத்தையும் செம்பொன்னாக்கிவிடும்; அந்த ஒரு மணி நேரத்தில் எந்த நிறத்தையும் நம்புதல் தவறு. இரவிலோ குழல்விளக்கு. நம் இல்லங்களிற் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் அளவினதாகிய நீலம் சார்ந்த வெள்ளொளி. 2700 கெல்வின் விளக்கின் ஒளி பழைய குண்டு விளக்கின் மஞ்சளை ஒத்தது. முதியோர் அறைக்கு இதுவே இதமானது என்று அதனை மாற்றியபொழுது, பாசிச் சாம்பல் இரவில் மட்டும் சேற்று நிறமாயிற்று. தமக்கையார் சாம்பலைக் கைவிட்டார். கட்டடக்கலையை அல்ல என்று தந்தையார் கூறியதை அவர் இரசிக்கவில்லை.

இத்துணை ஆராய்ச்சிக்கும் இடையே நாங்கள் மறந்திருந்த ஒரு கருவி, ஆச்சியின் கண்கள். ஒருநாள் அவர் கட்டிலில் அமர்ந்து, ஒரு கையால் இடக்கண்ணையும் பின் மறு கையால் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தவண்ணம் இருந்தார். என்ன ஆச்சி என்றேன். "இந்தக் கண்ணுக்குத் துணி வெளுத்த நீலம்போல் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு டீத்தண்ணீர் சிந்தினாற்போல் இருக்கிறது. நீங்கள் எந்தக் கண்ணுக்கு அடிக்கப் போகிறீர்கள்?" என்றார்.

அவர் கூறியது முழுதும் மெய். கண்ணின் வில்லை மூப்பால் மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுத்துவிடும். மெல்ல மெல்ல நிகழ்வதாகலின் கண்ணுடையார் அதனை உணரார். அவ்வில்லையை நீக்கித் தெளிந்த செயற்கை வில்லையை வைத்தவுடன் நீலம் வெள்ளமாய்ப் புகும். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே, 1923-ஆம் ஆண்டில் தம் வலக்கண்ணில் மட்டும் புரை நீக்கிக்கொண்டார். அக்காலத்தில் செயற்கை வில்லை கிடையாது. எனினும் மஞ்சளித்த வில்லை நீங்கியதால், அவருக்கும் ஒரு கண் நீலமும் மறு கண் மஞ்சளும் காட்டின. நிறங்களையே உயிராய்க் கொண்டிருந்த அம்முதியவர் பெரிதும் வருந்தி, வண்ணக் கண்ணாடிகளை அணிந்து பார்த்தார். ஒரே குளத்தை ஆண்டுக்கணக்காய்த் தீட்டியவர்க்கு நேர்ந்த இடுக்கண் இது. ஒரே சுவரை ஆண்டுக்கணக்காய்ப் பார்த்திருக்கப் போகும் எங்கள் ஆச்சிக்கும் அதுவே நேர்ந்திருந்தது. ஆச்சி வருந்தவில்லை. அவருக்கு அது வேடிக்கையாய் இருந்தது. "ஒரு சுவருக்கு இரண்டு சுவர்" என்று அடுத்த வீட்டாரிடமும் கூறினார்.

சீட்டுக் கட்டை அவரிடமே கொடுத்தோம். அதனை அவர் திறக்கவில்லை. ஊரிலிருந்து கொணர்ந்த தகரப் பெட்டியைத் திறந்து, வேதப்புத்தகத்தின் இடையிலிருந்து காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்றை எடுத்தார். குருத்தோலை ஞாயிறன்று கோவிலிற் கொடுக்கும் குருத்தைக் கிழித்து மடித்துச் சிலுவையாக்குவதும், ஆண்டு முழுதும் அதனை வீட்டிற் செருகி வைப்பதும் எங்களிடையே வழக்கம். அது தாத்தா மடித்தது, 2022-ஆம் ஆண்டினது. பச்சைக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட குருத்தின் நிறம் போய், வைக்கோலினும் வெளிறி, எலும்பினும் வெதும்பி, பெயர் சொல்ல இயலாத ஒரு நிறமாய் அது காய்ந்திருந்தது. ஓலைச்சுவடி கண்டோர் அதனை அறிவர். "இது எந்தக் கண்ணுக்கும் ஓலையாய்த்தான் தெரிகிறது" என்றார்.

உண்மையில் அவ்வோலையும் ஒரு கண்ணுக்கு நீலமும் ஒரு கண்ணுக்கு மஞ்சளும் சார்ந்தே தோன்றியிருக்கும். எழுபத்தாறு ஆண்டுகள் ஓலையோடு பழகிய உள்ளம் அவ்விரு சான்றுகளையும் தள்ளித் தன் தீர்ப்பைக் கூறிற்று. அதனை மறுத்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. மறுப்பதனால் ஆவது ஒன்றும் இல்லை.

சிலுவையைத் தாளிற் பொதிந்து கடைக்கு எடுத்துச் சென்றேன். அண்ணாச்சி அதனைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், நிறமறியும் கருவியின் கண்ணை அதன்மேல் வைத்து அழுத்தினார். இயந்திரம் கூறிய கலவையைக் கண்டு யான் வியந்தேன். வெள்ளை அடிப்பொருளில் மஞ்சள் ஆக்சைடு சிறிது. சிவப்பு ஆக்சைடு அதனினும் சிறிது. பின்னர் ஓரிரு சொட்டுக் கறுப்பு. முதலிரண்டும் இரும்பின் துருவே. தேரி மணலுக்குச் செந்நிறம் தருவதும் அதுவே. கறுப்பு எதற்கு என்று கேட்டேன். "அது இல்லாவிட்டால் மஞ்சள் மேலே நின்று கூவும், அதை உட்கார வைப்பது கறுப்புத்தான்" என்றார். வெகுளி நிறங்கள் இரண்டும் இவ்வாறு அந்த அமைதிக்குள் அடங்கிக் கிடந்தன. அந்நிறத்திற்கு மிக அண்மையிலுள்ள சீட்டில் நிறுமத்தார் இட்டிருந்த பெயர், பாலைவனம் பற்றிய ஏதோ ஓர் ஆங்கிலப் பெயர். தகர டப்பாவின்மேல் 'ஓலை' என்று யானே எழுதினேன். பலகையிற் பூசிப் பார்த்தபொழுது, காவித் தரையின் அருகே அது பச்சையாகவில்லை. தன்பாற் சிறிது வெம்மை உடையதாகலின் தரையோடு இணங்கிற்று. வேம்பின் ஒளியில் மட்டும் நண்பகலிற் சற்றே இளகிக் குருத்தாயிற்று. அதனை எவரும் குறையாய்க் கொள்ளவில்லை.

இனி நிறத்தினும் முதன்மையானதொன்று எஞ்சி நின்றது. சுவர், கதவு, நிலை, மின்விசைப் பலகை யாவும் ஒரே மெல்லிய நிறமாய் அமைத்தல் இக்காலத்து நாகரிகம். படத்தில் அது மிக அழகாய் இருக்கும். பார்வை மங்கிய முதியவர்க்கோ அவ்வறையிற் சுவர் எங்கே முடிந்து வாயில் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கிணற்றடியில் விழுந்தவர் குளியலறை வாயிலிலும் விழலாம். ஆதலின் நிலைகளுக்கும் கதவுகளுக்கும் கரும்பழுப்புப் பூசினோம். வெள்ளை விசைப்பலகையைச் சூழ அதே கரும்பழுப்பில் ஒரு விரற்கடை அகலத்தில் கட்டம் இட்டோம். தமக்கையார் அவ்விடத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகஞ் சுளிக்கிறார். ஊர் வீடுகளிற் சுவரின் அடியில் கறுப்போ காவியோ பட்டையாய்ப் பூசுவது அழுக்கை மறைப்பதற்கென்றே எண்ணியிருந்தேன். தரை எது, சுவர் எது என்று அரையிருட்டிலும் காட்டுதற்கும் அது உதவுகிறது. அப்பட்டையையும் ஆறங்குல உயரத்திற்குச் சேர்த்தோம். பளபளக்கும் பூச்சைத் தவிர்த்தோம். புரையுள்ள கண்ணிற் புகும் ஒளி சிதறிக் கூசச் செய்யும். பளபளக்கும் சுவர் அக்கூச்சத்தை இருமடங்காக்கும். முற்றும் மங்கலான பூச்சையும் கொள்ளவில்லை. இரவில் ஆச்சி சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார் என்பது தெரியும், கைத்தடத்தைத் துடைத்தெடுக்க வேண்டும் அன்றோ? தென்சுவரின் ஓதத்தைக் கொத்திச் சீர்செய்து, சுவர் உலரும்வரை மூன்று கிழமை காத்திருந்தோம். அதுபற்றிக் கூறுதற்கு வேறொன்றும் இல்லை. செலவு மட்டும் நிறத்தினும் மிகுதி.

கார்த்திகை இறுதியில் ஆச்சி அவ்வறைக்கு வந்தார். முதல்நாள் இரவில் விளக்கின்றி எழுந்து வாயில்வரை சென்று திரும்பியதை அப்பா உறங்காமற் பார்த்திருந்தார். கிறிஸ்துமஸ் வந்தது, போயிற்று. ஊருக்குக் கொண்டுபோய் விடும் பேச்சை எவரும் எடுக்கவில்லை. ஆச்சியும் எடுக்கவில்லை. தாத்தாவின் சிலுவையைக் கட்டிலுக்கு மேலே ஓர் ஆணியிற் செருகி வைத்திருக்கிறார். சுவரின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாகலின் எட்ட நின்று பார்ப்பவர்க்கு அது தெரிவதில்லை. அவருக்குத் தெரிந்த இடம்; கை நீட்டினாற் கிட்டும்.

2025 மாசியில் இடக்கண்ணின் புரையும் நீக்கப்பட்டது. மறுநாள் கட்டவிழ்த்து வீடு திரும்பியவர், தம் அறை வாயிலில் நின்று, ஒரு கண்ணை மூடினார். பின்னர் மறு கண்ணை மூடினார். பின்னர் இரண்டையும் திறந்து சுவரை நெடுநேரம் நோக்கினார். அதன்பின் அம்மாவை அழைத்தார்.

"நான் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருநாளுக்குள் யாரைக் கேட்டு மறுபடியும் வெள்ளையடித்தீர்கள்?"